வலைக்குண்டு: வார்ப்பதா, வாங்குவதா, இரும்புக்கு மாறுவதா?

முன்பொரு ஐப்பசியில் என் வீச்சு வலையின் அடிக்கயிறு இற்றுப்போனது. கண்ணியெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. கீழே குண்டு கோத்த இடத்தில் மட்டும் கயிறு பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்கிறது. குண்டை மாற்றியே தீரவேண்டும் என்றானபோது கடையில் ஈயக்குண்டு வாங்கிப் பார்த்தேன், கொஞ்ச நாள் இரும்பு போட்டுப் பார்த்தேன், கடைசியில் வீட்டுக் கொல்லையிலேயே ஈயம் காய்ச்சி வார்க்க ஆரம்பித்தேன். இப்போது வார்ப்பதில்தான் நிற்கிறேன். அதனால் இந்த அலசலில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எடைக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். எட்டடி ஆரமுள்ள வலை விரிந்தால் சுற்றளவு ஐம்பது அடி. நாலு அங்குலத்துக்கு ஒரு குண்டு என்றால் 150 குண்டு. ஒன்று 25 கிராம் என்றால் மொத்தம் மூன்றே முக்கால் கிலோ. அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் தண்ணீர் இழுக்கும்போது இந்த எடை எனக்குத் தேவைப்படுகிறது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இவ்வளவு வேண்டாம்.

இரும்பை விரைவாகச் சொல்லிவிடலாம். மலிவு, எங்கும் கிடைக்கும், நச்சு கிடையாது. என் சித்தப்பா சங்கிலி கோத்த வலைதான் வைத்திருக்கிறார். "ஏம்ப்பா, ஈயத்தைப் பல்லால கடிச்சாலே பதியுது, அதுவா கெட்டி?" என்று கேட்பார். (பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. கட்டிங் பிளேயர் எதற்கு இருக்கிறது? ஈயம் வாய்க்குள் போகவே கூடாது.) ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்பு 7.87. ஆக அதே எடைக்கு இரும்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு இடம் அடைக்கும். என் கையில் அது கோரை வேரில் அடிக்கடி மாட்டியது.

ஆனால் நான் இரும்பை விட்டது அதற்காக இல்லை. அடிக்கயிற்றுக்காக. வீச்சு வலையில் முதலில் போவது அதுதான், அது போனால் 150 குண்டையும் அவிழ்த்துக் கோக்க இரண்டு நாள் உட்காரவேண்டும். இரும்பு துருப்பிடித்தால் உப்பும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். துளை உள்ளே சுருங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், சொரசொரப்பு ரம்பம் மாதிரி அறுக்கும். ஈயம் அப்படியில்லை. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டும், அதோடு சரி. அந்தப் படலமே உள்ளிருக்கும் ஈயத்தைக் காப்பாற்றிவிடும். துத்தநாகம் பூசிய சங்கிலி தேவலை என்கிறார்கள். அதை நான் ஒரு பருவம்தான் பயன்படுத்தினேன், அதுவும் நல்ல தண்ணீரில். பழையாறு முகத்துவாரம் போன்ற உப்புத் தண்ணீரில் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அங்கே தினமும் வலை போடுகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

சரி, ஈயம்தான் என்றால் கடைக்குண்டு போதாதா? முக்கால்வாசிப் பேருக்குப் போதும். எனக்கு வந்த தொல்லை துளையின் வாயில். நான் வாங்கிய இரண்டு கிலோவில் பாதிக்கு மேல் துளை ஓரத்தில் பிசிறு, கத்தி முனை போல. இழுக்கும்போதெல்லாம் அது கயிற்றில் உரசுகிறது. எடையும் ஒன்று 20, ஒன்று 28 என்று கலந்து கிடந்தது. வலை ஒரு பக்கம் முந்தி இறங்கினால் மடவை மீன் இன்னும் இறங்காத பக்கமாக ஓடிவிடும்.

வீட்டில் வார்த்தால் துளை நம் கையில். லேத் பட்டறையில் இரண்டு பாதியாகப் பிரியும் அலுமினிய அச்சு ஒன்று செய்து வாங்கினேன், ஆறு குழி. குழி நீளம் 22 மில்லி, விட்டம் 12, நடுவே நாலு மில்லி எஃகுக் கம்பி. வார்த்தால் 25 கிராம் வருகிறது. குழியில் விளக்குக் கரியைப் பிடித்துக்கொண்டால் குண்டு ஒட்டாமல் கழலும். முதல் இரண்டு மூன்று வார்ப்பு அச்சு சூடேறாமல் சுருக்கம் விழுந்து வரும், திரும்பச் சட்டியில் போடவேண்டியதுதான். குண்டு ஆறினதும் பெரிய டிரில் பிட் ஒன்றை விரலால் துளை வாயில் இரண்டு சுற்று திருகுவேன். பிசிறு சுருளாக வந்துவிடும், ஓரம் மழமழவென்று ஆகிவிடும். இந்த இரண்டு சுற்றுக்காகத்தான் இத்தனை பாடும். சேதமான குண்டு, தேய்ந்த குண்டு எல்லாம் மறுபடி சட்டிக்கே போகும். வேண்டாமென்று விற்றாலும் பழைய இரும்புக் கடையில் ஈயத்துக்கு மதிப்பு உண்டு.

ஈயம் 327 டிகிரியில் உருகும், சவுக்கு விறகே போதும். அலுமினியச் சட்டியில் மட்டும் காய்ச்சாதீர்கள். அது 660-இல் உருகும், ஊதிவிட்ட விறகுத் தீ அதைத் தாண்டும். கனமான இரும்புச் சட்டி வேண்டும், அது பிறகு சமையலுக்குத் திரும்பக்கூடாது. காய்ச்சப் பழைய கேபிள்களின் ஈய உறை நல்லது: நகத்தால் கீறினால் கோடு விழும், தரையில் போட்டால் 'தொப்' என்று சத்தம் வரும். டயர் கடையில் கிடைக்கும் பேலன்ஸ் கட்டிகளில் துத்தநாகமும் கலந்திருக்கும். அது உருக 420 டிகிரி வேண்டும், தீயை அடக்கி வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறியலாம். பேட்டரித் தகட்டைத் தொடவே வேண்டாம். அதில் அமிலமும் ஆன்டிமனியும் இருக்கும், புகை கொல்லும்.

போன மார்கழியில் அச்சைத் திண்ணையிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தது. முதல் கரண்டி ஊற்றியதும் 'டப்'பென்று வெடித்து மணிக்கட்டில் தெறித்தது. குழிக்குள் பனி ஈரம். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், அதுவும் மூடிய குழிக்குள். தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அச்சை அடுப்போரம் சுடவைக்காமல் ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. வார்ப்பது வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கம் வரும்படி நின்று. பிள்ளைகள் கொல்லைப்பக்கமே வரக்கூடாது. மேலே படியும் சாம்பல் கசடுதான் பெரிய வில்லங்கம். தூசாகப் பறக்கும், கையோடு சோற்றில் போகும். அதை மூடி போட்ட டப்பாவில் சேர்க்கிறேன், எருக்குழியில் கொட்டுவதில்லை. இவ்வளவு பத்தியம் இருக்க முடியாதென்றால் கடைக்குண்டு வாங்கி, டிரில் பிட்டை மட்டும் திருகிக்கொள்ளுங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் சித்தப்பா கட்சி ஜெயிக்கிறது. அறுவடை முடிந்து வாத்து மந்தை இறங்கும் வயலோர வாய்க்கால்களில் ஈயம் அறுந்து விழுந்தால், வாத்து அதைக் கல்லென்று நினைத்து விழுங்கும். இங்கிலாந்தில் அன்னங்கள் இப்படிச் செத்துத்தான் 1987-இல் சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் போனால் என் வலையை வீட்டில் வைத்துவிட்டு, அவருடைய சங்கிலி வலையைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போகிறேன். கொடுக்கும்போது ஒரு சிரிப்பு சிரிப்பார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.