பழைய சர்வரில் "புது" எஸ்எஸ்டி: நான் ஏமாந்த கதை

நேற்று ராத்திரி அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். அதே படம்தான்: ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8 என்ற குட்டி சர்வர், பின்னால் நீல ரெக்சின் சோபா. "புது 240 ஜிபி பூட் எஸ்எஸ்டியுடன், ஓஎஸ் போட்டு ரெடி." பூட் எஸ்எஸ்டி என்றால், ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) கிளம்புகிற, சிப்பால் ஆன டிஸ்க். எனக்கு 16,500 ரூபாய்க்கு விற்ற அதே கடைக்காரர், இப்போது 17,000 போட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு போட்டோ, வீடியோ சேர்த்து 300 ஜிபிக்குக் குறையாது. டிராயர் நிறைய எக்ஸ்டர்னல் டிஸ்க், எதில் எந்த முகூர்த்தம் என்று தேடியே பாதி நாள் போகும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் ஜென்8 தேடினேன். 2013இல் வந்த மாடல். நாலு டிஸ்க் போடலாம், பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம், கரண்ட்டும் அதிகம் இழுக்காது. மெஷின் மேல் எனக்கு இன்றைக்கும் குறை கிடையாது.

கடை சென்னை ரிச்சி தெருப் பக்கம், மாடியில். நேரில் போய் ஆன் பண்ணிப் பார்த்துத்தான் ஜிபேயில் பணம் போட்டேன். கொடுத்தது பில் அல்ல, மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. கீழே பேனாவில் "டெஸ்டிங் வாரண்டி 7 நாள்". பில் கேட்டேன். "ஜிஎஸ்டி 18 பர்சென்ட் கூட வரும் பாஸ்" என்றார். சரி, வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை மறைக்கவில்லை.

ஊருக்கு வந்து என் டிஸ்க்குகளை மாட்டினேன். பூட் ஆகவில்லை. இது ஏமாற்று இல்லை, ஜென்8இன் பிறவிக் குணம். கடைக்காரர் எஸ்எஸ்டியை சிடி டிரைவுக்கான ஐந்தாவது சாட்டா போர்ட்டில் மாட்டியிருந்தார். மெஷினைக் கிளப்பும் புதுவகை மென்பொருளான யூஇஎஃப்ஐ இதில் கிடையாது, பழைய பயாஸ்தான். ஏஹெச்சிஐ மோடில் (டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் முறை) வைத்தால் முதல் டிரேயில் உள்ள டிஸ்க்கைத்தான் பூட் பண்ணப் பார்க்கும். ஐந்தாவது போர்ட்டைத் தேர்ந்தெடுக்க மெனுவில் வழியே இல்லை. கடையில் டிரேக்கள் காலியாக இருந்ததால் ஜோராக ஓடியது. உள்ளே இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் ஒரு பென்டிரைவைச் செருகி, அதில் ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடும் க்ரப் என்ற குட்டி மென்பொருளை மட்டும் வைத்து, அங்கிருந்து எஸ்எஸ்டிக்குத் தாண்ட வைத்தேன். ஓடியது. ஒரு ராத்திரி வேலை, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ரீஸ்டார்ட் செய்தால் வரவில்லை. சர்வரின் திரையை நெட்வொர்க் வழியாகக் காட்டும் ஐஎல்ஓவில் பார்க்கலாம் என்றால், லைசென்ஸ் இல்லாததால் ஓஎஸ் கிளம்பும்போதே திரை நின்றுவிடும். இந்த மெஷினுக்கு ஏற்ற பழைய விஜிஏ போர்ட் உள்ள மானிட்டர் எங்கள் பில்லிங் மேசையில் மட்டும்தான். அதைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினால் க்ரப் வருகிறது, அதற்குமேல் ஓஎஸ் பாதியில் நின்றால் வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நிற்கிறது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய மெஷின் பாஸ், பூட்ல கொஞ்சம் மக்கர் பண்ணத்தான் செய்யும். நெட்ல தேடிப் பாருங்க, எல்லாரும் சொல்லியிருப்பாங்க." தேடினேன். நிஜமாகவே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். என்னை விழ வைத்தது அதுதான். ஜென்8இன் பூட் கோளாறு ஊரறிந்தது. அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

ஓஎஸ்ஸை மறுபடி போட்டேன். ஓடியது. பத்து, பன்னிரண்டு நாளில் மறுபடி படுத்தது. பென்டிரைவை மாற்றினேன். எஸ்எஸ்டிக்கு கரண்ட் வருவது ஃப்ளாப்பி டிரைவுக்குப் போகிற சின்ன நாலு முள் கனெக்டரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாக, அதையும் மாற்றினேன். உள்ளூர் சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். சிமோஸ் பேட்டரி மாற்ற 450 ரூபாய். கடையில் அம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சிஆர்2032 அது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "மதர்போர்டு போச்சு தம்பி, வேற போர்டு ஒம்பதாயிரம் ஆகும்" என்றார். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அதன் ஸ்க்ரூக்களில் என் பெயிண்ட் பொட்டு அப்படியே இருந்தது. (ஆமாம், வெளியே கொடுக்கும் எல்லாவற்றிலும் பொட்டு வைப்பேன். லென்ஸ் சர்வீஸில் பட்ட அடி.)

மூன்றாவது முறை படுத்தது ஒரு சாயங்காலம். ஆல்பம் செலக்‌ஷனுக்கு மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார். "பையன் நாளைக்கு துபாய் கிளம்புறான் தம்பி, இன்னிக்கே முடிச்சிரணும்." படமெல்லாம் நாலு டிஸ்க்கிலும் பத்திரம். மெஷின்தான் எழுந்திருக்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்து, மெமரி கார்டில் மிச்சம் இருந்ததை லேப்டாப்பில் காட்டி அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் தேதிகளை எழுதிப் பார்த்தேன். ஓஎஸ் போட்ட நாள், படுத்த நாள். ஒவ்வொரு தடவையும் பத்து முதல் பன்னிரண்டு நாள் இடைவெளி. போர்டு கெட்டால் இப்படிப் பஞ்சாங்கம் பார்த்துக் கெடாது.

எஸ்எஸ்டியைக் கழற்றி லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாக மாட்டி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியை ஓட்டினேன். ரெண்டே நிமிஷம். ஸ்டிக்கரில் இருந்த பிராண்ட் பெயர் உள்ளே இல்லை. சீரியல் நம்பரும் வேறு. 199ஆம் வரி, அதாவது கேபிள் வழியில் தகவல் சிதையும் சிஆர்சி பிழை, பூஜ்ஜியம். கேபிள் மேலும் போர்டு மேலும் பழி போட அங்கே ஒன்றுமில்லை. 187, அதாவது திருத்த முடியாத படிப்புப் பிழை, நூற்றைத் தாண்டியிருந்தது. ஓடிய நேரம் மட்டும் புத்தம் புதுசு போல, நான் ஓட்டிய மணிநேரத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. அதாவது மீட்டரைத் திருப்பிவைத்து விற்ற பழைய கார்.

எஃப்3 என்ற இலவசக் கருவியால் டிரைவ் முழுக்க எழுதி உடனே படித்தேன். எல்லாம் சரி! கொள்ளளவிலும் பொய் இல்லை. கடையில் நீங்கள் எந்தச் சோதனை செய்தாலும் பாஸாகிவிடும். அப்படியே டிராயரில் போட்டு, பதினைந்து நாள் கழித்து மறுபடி படித்தேன். பாதிக்கு மேல் ஃபைல்களைப் படிக்கவே முடியவில்லை.

விஷயம் இதுதான். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃப்ளாஷ் மெமரி மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துத்தான் தகவலைக் காக்கிறது. எழுதி அழிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிடிமானம் கொஞ்சம் தேயும். சாதாரண எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுள் முடிந்த பிறகும், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைக் காக்கவேண்டும் என்று, மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம் சொல்கிறது. என்னுடையது அந்த ஆயுளையெல்லாம் எப்போதோ தாண்டி வந்த சிப். புதிதாக எழுதினால் நிற்கும், பத்து நாளில் ஒழுகிவிடும். ஓஎஸ்ஸை மறுபடி போடும்போதெல்லாம் "சரியாகி"விட்டதன் ரகசியமும் அதுதான்.

கோபத்தில் மூடியைப் பிரித்துவிட்டேன். பெட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத குட்டி போர்டு. ரெண்டு சிப், மேல் எழுத்துகள் உரசி அழிக்கப்பட்டு, ஓரத்தில் பழைய பிசின் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. வேறு எதிலிருந்தோ கழற்றி ஒட்டியவை. ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் கிழிந்த மூலை.

ஹார்ட் டிஸ்க்கிலும் இந்த வித்தை நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் மணிநேரம் அழிக்கப்பட்டுப் புதிது என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. மாட்டிக்கொடுத்தது அந்த டிஸ்க்குகளுக்குள் தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற பதிவு. ஸ்மார்ட்சிடிஎல் 7.4இலிருந்து அதைப் படிக்கலாம். சீகேட் டிஸ்க் பழசாக வாங்கினால் அதையும் பாருங்கள். என் எஸ்எஸ்டியில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது பில்லோடு ஒரு புது எஸ்எஸ்டி வாங்கி அதே ஐந்தாவது போர்ட்டில் மாட்டியிருக்கிறேன். இந்த முறை மெஷினின் டிஸ்க் கன்ட்ரோலரான பி120ஐயை, டிஸ்க்குகளைத் தொகுப்பாக ஆளும் ரெய்டு மோடுக்கு மாற்றி, அந்த ஒரு எஸ்எஸ்டியை மட்டும் தனி ரெய்டு 0 ஆக்கி அதையே பூட் டிரைவாகக் குறித்துவிட்டேன். பென்டிரைவ் தேவைப்படவில்லை. ஐம்பத்தாறு நாளாகிறது, "போன" மதர்போர்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், எஃப்3 ரிசல்ட். மூடியைப் பிரித்ததுதான் என் தப்பு. நீங்கள் பிரிக்காதீர்கள். உள்ளே இருந்த சிப்பின் படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஒரே வரி வந்தது:

"சீல் ஒடச்சுட்டீங்களே பாஸ், இனி எப்படி மாத்தித் தர்றது?"