பேரனா, பெங்களூர் மகனா, பக்கத்து வீட்டுக்காரரா: பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் யார் சொல்லித்தருவது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு ஸ்மார்ட்போனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எந்த போன் வாங்கலாம் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள், அதை யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்று யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், போனைவிட அந்த ஆள்தான் முக்கியம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, லீவுக்கு வரும் பேரப்பிள்ளை. வேகம் உண்டு, விஷயம் தெரியும், செலவும் இல்லை. ஆனால் பேரன் சொல்லித்தரும்போது போன் பாட்டி கையில் இருக்காது. "குடுங்க பாட்டி" என்று வாங்கி, கட்டைவிரலால் நாலு தட்டு தட்டி, "அவ்ளோதான், பாத்தீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். பாட்டி பார்த்தது அவன் விரலை மட்டும்தான். மறுநாள் அதையே கேட்டால், "நேத்துதானே சொன்னேன்" என்று பதில் வரும். அதற்கப்புறம் பாட்டி கேட்கவே மாட்டார்.

அதனால் பேரனிடம் பாடம் எடுக்கும் வேலையைக் கொடுக்காமல், போனைப் பாட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் வேலையைக் கொடுக்கலாம். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எழுத்தைப் பெரிதாக்குவது, மொழியைத் தமிழுக்கு மாற்றுவது, முகப்பில் தேவையான நாலைந்து ஐகானை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒதுக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பட்டன் போனில் பழகிய கை, திரையையும் ஊன்றி அழுத்தும். விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால், போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு மெனுவைத் திறக்கும், அல்லது ஐகானை இடம் மாற்றிவிடும். "வாட்ஸ்அப்பையே காணோம்" என்ற புகார் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக வைக்க ஒரு வசதி உண்டு. அதை மாற்றினால் பாதித் தொல்லை தீரும்.

வருஷக்கணக்கில் தேயிலை பறித்துக் காய்த்துப்போன விரல்களைக் கைரேகைப் பூட்டு பல நேரம் ஏற்காது. அவர்களுக்கு நம்பர் பூட்டே நல்லது. ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில், குளிரில் வறண்ட விரல்நுனியைத் திரையும் சரியாக உணராது. கம்பளிக் கையுறை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். போன் கெட்டுவிட்டது என்று பெரியவர் பயந்துவிடுவார். சூடான டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

அடுத்தது, வெளியூரிலிருந்து வீடியோ காலில் சொல்லித்தரும் மகனோ மகளோ. பேரனிடம் இல்லாத ஒரு நல்ல அம்சம் இதில் உண்டு: போன் அம்மா கையிலேயே இருக்கும், அமுக்குவதும் அவர்தான். "மேல மூணு புள்ளி இருக்கு பாரும்மா." "எந்தப் புள்ளிடா?" என்று முன்பெல்லாம் இழுத்துக்கொண்டே போகும். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் வீடியோ காலில் திரையைப் பகிரும் வசதி வந்த பிறகு, அம்மாவின் திரையை மகன் அங்கிருந்தே பார்த்துச் சொல்ல முடிகிறது.

எனக்கு உறுத்துவதும் அதே வசதிதான். போனில் ஒருவர் சொல்லச் சொல்லத் திரையைத் திறந்து காட்டும் பழக்கத்தை நாமே அம்மாவுக்கு ஊட்டிவிடுகிறோம். நாளைக்கு 'பேங்க்ல இருந்து பேசுறேன்' என்று ஒரு குரல் இதையே கேட்கும்போது, அவருக்கு அது புதிதாகத் தோன்றாது. மோசடிக்காரர்கள் கேட்பதும் திரைப் பகிர்வைத்தானே. ஆகவே, வந்த அழைப்பில் யார் கேட்டாலும் திரையைக் காட்டக் கூடாது, அம்மாவே மகனைக் கூப்பிட்டால் மட்டும் காட்டலாம், பேங்க் செயலியை அப்போதும் திறக்கக் கூடாது என்று கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். தூரத்து ஆசிரியரை மட்டும் நம்பினால் அன்றைக்குப் பாடம் கிடையாது.

பஜாரில் இருக்கும் மொபைல் கடையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிம் மாற்ற, ரீசார்ஜ் செய்ய, உடைந்த திரையை மாற்ற அங்கேதான் போக வேண்டும். கூட்ட நேரத்தில் கடைக்காரர் பொறுமையாகச் சொல்லித்தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. போன் பூட்டின் நம்பரையும் யுபிஐ பின்னையும் சீட்டில் எழுதி, போனோடு சேர்த்துக் கடையில் நீட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் நிறுத்தினால் போதும்.

என் ஓட்டு நாலாவது ஆளுக்கு: ஒரு வருஷம் முன்னால் கற்றுக்கொண்ட, கிட்டத்தட்ட அதே வயதுக்காரர். எங்கே தடுமாறுவோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. மூன்றாவது தடவை கேட்கவும் அவரிடம் கூச்சம் இருக்காது. வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவத்திலும் தொழிற்சாலையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. இவர்களில் பலருக்கு, பென்ஷன் தொடர்வதற்காக உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றை நவம்பரில் கொடுக்கும் வேலை வரும். இந்தச் சான்றை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014-இல் தொடங்கியது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று அனுப்பும் வசதி வந்தது. ஒரே போனிலிருந்து பலருக்கும் அனுப்பலாம். வடகிழக்கு மழையும் மேகமூட்டமுமாக இருக்கும் அந்த மாதத்தில், வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் கேமரா முகத்தை ஏற்காது. "வாசல்ல வந்து நில்லுங்க சார், கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்க" என்று சொல்லிக்கொடுப்பவர், போன வருஷம் தானே அதில் மாட்டிக்கொண்டவராக இருப்பார்.

இவர்களிடமும் ஆபத்து இல்லாமல் இல்லை. சரியானதைப் பரப்புகிற அதே வேகத்தில் தவறானதையும் பரப்புவார்கள். ஒருவர் அனுப்பிய பரிசு லிங்க்கை மாலைக்குள் தெருவே அமுக்கியிருக்கும். இப்படிச் சேர்ந்து கற்கும் எல்லோருக்கும் ஒரே ஒரு விதியையாவது மனப்பாடம் ஆக்க வேண்டும்: பணம் வாங்க யுபிஐ பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. அந்த நம்பரைக் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

யார் சொல்லித்தந்தாலும் பாடத்தைப் பணத்தில் தொடங்க வேண்டாம். குரல் செய்தியில் தொடங்கலாம். வீட்டில் படுகர்களின் படுகு மொழி பேசும் பாட்டி அதை எந்த எழுத்தில் தட்டுவது என்று திணற வேண்டாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் மொழியிலேயே பேத்தியைத் திட்டலாம். பதில் வந்துவிட்டால் அடுத்த பாடத்தை அவரே கேட்பார்.

எதுவுமே வேண்டாம் என்று சொல்லும் பெரியவரைப் படுத்தவும் கூடாது. பட்டன் போனிலேயே பணம் அனுப்ப 2022-இல் யுபிஐ 123பே வந்துவிட்டது. வாழ்நாள் சான்றுக்கு தபால்காரர் வீட்டுக்கே வருவார், கட்டணம் 70 ரூபாய்.