ஃப்ளூ காய்ச்சல்: பாராசிட்டமால் போதுமா, ஒசெல்டாமிவிர் வேண்டுமா?

வேலை: பாராசிட்டமால் காய்ச்சலையும் உடல்வலியையும் தணிக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஒசெல்டாமிவிர் ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்து, உடலுக்குள் ஃப்ளூ வைரஸ் பரவுவதைத் தடுக்கும்.

நாட்கள்: காய்ச்சல் பொதுவாக 3 முதல் 5 நாளில் விடும். ஒசெல்டாமிவிர் அதில் ஏறக்குறைய ஒரு நாளைத்தான் குறைக்கும், அதுவும் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால். இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கலாம்.

அளவு: பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு மீறிக் கல்லீரல் கெடலாம். ஒசெல்டாமிவிர் 75 மி.கி., தினம் இருவேளை, 5 நாள், மருத்துவர் சீட்டுடன் மட்டும். குமட்டல் வரலாம், சாப்பாட்டோடு போட்டால் குறையும்.

ஆரோக்கியமான இளவயதினருக்குப் பாராசிட்டமால், நீராகாரம், ஓய்வு போதும். கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் ஒசெல்டாமிவிர் பற்றிக் கேளுங்கள், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.