வால்பாறை – அதிரப்பள்ளி ஒருநாள் வேன்: வண்டி சரி, நேரம்தான் தப்பு

தலைக்கு 1,850 ரூபாய். காலை ஐந்தரைக்குப் பொள்ளாச்சியில் ஏறினால் ஆழியாறு, வால்பாறை, மளுக்குப்பாறை வழியாக அதிரப்பள்ளி காட்டிவிட்டு, சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு சுற்றி இரவு பதினொன்றுக்குள் ஊரில் இறக்கிவிடுகிறார்கள். பிப்ரவரிக் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் போய்வந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்) பவர் ஹவுஸ் ஒன்றில் 26 வருஷம் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாக இருக்கும்.

வேனில் குறையில்லை. ஏ.சி. வேலை செய்தது. என் சீட்டு மட்டும் சாயவில்லை. டிரைவர் தம்பி கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு ஹாரன் கூட வீணாக அடிக்கவில்லை. வால்பாறையில் இட்லி, ஆறிப்போன வடை. அதற்கு அப்புறம் சோலையாறு அணை. அங்கே பத்து நிமிஷம்தான் நிறுத்தினார்கள், செல்பி எடுக்க. இந்தப் பயணத்தின் கதையே அங்குதான் தொடங்குகிறது என்பதைக் கைடு சொல்லவில்லை.

அங்கிருந்து கீழே கேரளச் சோலையாறு அணைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பது தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தம். செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய இரண்டு நாளும் அந்த அணை நிரம்பியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் 54 மெகாவாட் பவர் ஹவுஸில் சுழன்று, இன்னும் கீழே பெரிங்கல்குத்து அணைக்கு வருகிறது. 1957-இல் இருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் அதே சாலக்குடி ஆற்றில் வாழச்சால் நீர்ச்சரிவு, அப்புறம் அதிரப்பள்ளி அருவி. கோடையில் அருவியில் விழுகிற தண்ணீரில் பெரும்பங்கு மேலே பவர் ஹவுஸ் விடுகிற தண்ணீர்தான்.

மளுக்குப்பாறை செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணிப் பார்த்து அனுப்பினார்கள். நல்ல விஷயம். காட்டுப் பாதையில் மலைச்சரிவில் பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாய்களைக் கண்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கைடு அந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சினிமா ஷூட்டிங் நடந்த இடங்களைத்தான் மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதிரப்பள்ளி சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. 80 அடி அருவி, ஆனால் பாறை முழுக்கத் தெரிந்தது. மூன்று நாலு இழையாகத் தண்ணீர் வழிந்தது. "இவ்வளவுதானா?" என்று பின் சீட்டுப் பையன் கேட்டான். "வெயில் காலம் தம்பி" என்றார் கைடு.

வெயில் காலம் என்பது பாதிக் காரணம்தான். படியிறங்கிக் கீழே போய்ப் பார்த்தேன். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பாறையில் ஈரக்கோடு இருந்தது. உச்சி வெயிலிலும் முழுக்கக் காயவில்லை. பக்கத்துக் குழியில் விரல் நீள மீன்கள் ஏழெட்டு, ஆற்றோடு தொடர்பு அறுந்து சுற்றிக்கொண்டிருந்தன. மேலே பவர் ஹவுஸில் மிஷின் நின்று சில மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று எனக்குப் பட்டது.

நானும் அப்படி எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறேன். எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச்சில் இருந்து போன் வரும், ஒரு மிஷினை நிறுத்தச் சொல்வார்கள். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் திரும்ப ஏற்றச் சொல்வார்கள். நிலக்கரி நிலையத்தை அப்படிச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது, நீர் மின்சாரத்தை முடியும். கிரிட்டுக்கு, அதாவது மின் கட்டமைப்புக்கு, அது பெரிய உதவி. மிஷினைச் சுற்றிவிட்ட தண்ணீர் வெளியேறும் டெயில் ரேஸுக்குக் கீழே ஆறு என்ன ஆகிறது என்று ஒருநாளும் நான் நடந்துபோய்ப் பார்த்ததில்லை. பகலில் வற்றி இரவில் புரளும் ஆற்றில் மீன் எங்கே முட்டையிடும்?

இதே ஆற்றில் 163 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டமும் பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. வாழச்சாலுக்குச் சற்று மேலே அணை கட்டி, சுரங்கம் வழியாகத் தண்ணீரை அருவிக்குக் கீழே கண்ணன்குழிக்குக் கொண்டுபோவது. அருவிக்கென்று நொடிக்கு 7.65 கன மீட்டர் விடுவார்களாம். ஆற்றங்கரை மரங்களில்தான் இருவாச்சிப் பறவை கூடு கட்டுகிறது. இங்கேயே வாழும் பழங்குடிகளான காடர்கள் அந்தக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011-இல் இந்தத் திட்டம் கூடாது என்றது. எனக்கு அணை மேல் கோபம் கிடையாது, அதில்தான் சோறு தின்றேன். இதே ஆற்றுப் படுகையின் பரம்பிக்குளம் தண்ணீர்தான் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் பாய்கிறது. ஆனால் ஏற்கெனவே இத்தனை தடவை பிழிந்த ஆற்றை மறுபடி பிழிவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மதியம் கப்பையும் மீன் குழம்பும், 160 ரூபாய். குழம்பில் குடம்புளி தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்தது. கழிப்பறை சுமார். வாழச்சாலுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தோம். வழியில் அங்கே இறக்கிவிடாமல் ஓட்டி வந்துவிட்டார்கள், நேரமில்லையாம்.

திரும்பும்போது ஆற்றோரம் டீக்கடையில் நிறுத்தினார்கள். துவைக்கிற கல் ஆற்றுக்குள் போடாமல் கரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கடைக்காரச் சேச்சியிடம் கேட்டேன். "ராத்திரி வெள்ளம் வரும் சேட்டா, காலைல போகும்" என்றார் பாதித் தமிழில். வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். எங்கள் கைடுக்குத் தெரியாத பவர் ஹவுஸ் டைம் டேபிள் அவருக்கு மனப்பாடம்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். டிரைவருக்குத் தனியாக ஐந்து. கோடையில் போகிறவர்கள் புக் செய்யும்போதே, வாழச்சாலில் நிறுத்துவார்களா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறைந்த அருவிதான் வேண்டும் என்றால் ஆடியில் போங்கள், குடை எடுத்துக்கொண்டு.