திருச்சி ரோட்டில் இரவில் போகிறவர்கள் கவனத்துக்கு: மோட்டல், பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க்

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை பக்கம் பஸ்ஸிலோ காரிலோ இரவில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கடைப் பெயர் எதையும் போடவில்லை. மதுராந்தகம் தாண்டியதிலிருந்து துவரங்குறிச்சி வரை போர்டுகள் மாறிக்கொண்டே இருக்கும், பணம் பிடுங்கும் முறை மட்டும் மாறாது. ஒருமுறை வந்தவர் மறுபடி வரமாட்டார், வந்தாலும் எந்தக் கடை என்று அடையாளம் தெரியாது. இந்தத் தைரியத்தில்தான் எல்லாமே நடக்கிறது.

முதலில் பஸ் நிற்கும் மோட்டல். எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. ஆம்னி பஸ் என்றால் முதலாளியும் மோட்டல்காரரும் பேசிக்கொள்கிறார்கள், அரசு பஸ் என்றால் டெண்டர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேசையில் காசில்லாத சாப்பாடு போகும். அந்தச் செலவும் நம் தோசை விலையில்தான் ஏறுகிறது. இரவு முழுக்க வண்டி ஓட்டுகிறவர் சூடாகச் சாப்பிடுவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அந்த மேசைக்கு வரும் சாம்பாரும் நமக்கு வரும் சாம்பாரும் ஒரே பாத்திரத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் எரிச்சல்.

"பத்து நிமிஷம்தான்" என்று குரல் கொடுத்து இறக்கிவிடுவார்கள். கவுண்ட்டரில் முப்பது பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். விலைப்பலகை இருக்காது, இருந்தாலும் பாதி எண் அழிந்திருக்கும். காசு முதலில், கையில் ஒரு டோக்கன், பில் கிடையாது. தொகையை வாயாலேயே கூட்டிச் சொல்வார்கள். பரோட்டா கேட்டால் "குருமாவா, சிக்கன் கிரேவியா?" என்ற கேள்வி வரும். சால்னா பரோட்டாவோடு சேர்ந்தது என்று நினைத்து ஏதோ ஒன்றைச் சொன்னால் அதற்குத் தனி விலை. உட்கார்ந்து சாப்பிடும் இடமென்றால் கேட்காமலே ஆம்லெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டுவிட்டால் அதுவும் கணக்கில் ஏறும். சில்லறை எண்ணும் நேரத்தில் ஹாரன் அடிக்கும், பாதிப் பேர் மீதியை விட்டுவிட்டு ஓடுவார்கள். அடுத்த வண்டிக்கும் இதே கதை.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் சட்டம் எங்கே நம் பக்கம், எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. வாசலில் பிஸ்கட், கூல்டிரிங்ஸ் விற்கும் கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. "இது மோட்டல் ரேட்" என்பதெல்லாம் செல்லாது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஓர் எம்.ஆர்.பி. அச்சிடுவதும் 2018 ஜனவரியிலிருந்து கூடாது. ஆனால் மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மேசைக்கு வந்த பாட்டிலுக்காகச் சண்டை போட்டால் நீங்கள்தான் தோற்பீர்கள். பாட்டிலைப் பஸ் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். மோட்டலில்தான் வாங்க வேண்டும் என்றால் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிரபல கம்பெனியின் நிறம், அதே எழுத்து வடிவம், நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் சரக்கு அங்கே நிறைய.

பில் கொடுத்தால் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், 2022 ஜனவரியிலிருந்து பில்லில் இது கட்டாயம். இன்னொன்று ஜி.எஸ்.டி. எண். சாதாரண ஓட்டலில் வரி 5 சதவீதம். பில்லில் வரி போட்டு எண் இல்லை என்றால் அந்தப் பணம் அரசுக்குப் போகாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு கடைகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரியே வாங்கக் கூடாது. யுபிஐ-யில் கட்டும்போது திரையில் வரும் பெயரையும் படம் பிடித்து வையுங்கள். பல இடங்களில் கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வரும். பின்னால் 1915-க்கு நுகர்வோர் புகார் சொல்லும்போது பில்லும் அந்தப் படமும் விலைப்பலகையின் படமும் கையில் இருந்தால்தான் பேச்சு நகரும்.

சாப்பாடு என்று எடுத்தால், பரோட்டாவைச் சாயங்காலமே அடித்து அரை வேக்காட்டில் அடுக்கிவைத்து, வண்டி வந்ததும் கல்லில் புரட்டிக் கொடுப்பார்கள். அதில் பெரிய ஆபத்து இல்லை. வயிற்றைக் கெடுப்பது சால்னாவும் தேங்காய்ச் சட்னியும். சால்னா குறையக் குறைய வெந்நீரும் மிளகாய்த்தூளும் சேர்த்து நீட்டிக்கொண்டே போவார்கள். காலையிலோ மதியமோ அரைத்த சட்னி நள்ளிரவில் புளித்திருக்கும், முகர்ந்தாலே தெரியும். கண் முன்னால் கல்லில் ஊற்றிய தோசை, ஆவி வரும் சாம்பார், ஓடு உரிக்காத அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். கொத்து பரோட்டா வேண்டவே வேண்டாம். மிச்சம் மீதியெல்லாம் அதில்தான் போய்ச் சேரும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு மோட்டல் தொல்லை இல்லை. ஊர் நுழைவில், உள்ளூர் பைக்குகள் நிற்கும் கடையாகப் பார்த்து ஒதுங்கலாம். அங்கே நாளைக்கும் அதே ஆட்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். காரில் போகிறவர்களுக்கான கண்ணி பஞ்சர் கடையில் இருக்கிறது.

பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து "அண்ணே, பின் வீல் ஆடுது, காத்து இல்ல" என்று கை காட்டுவார். சரியாக அரை கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை இருக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, சத்தமும் வரவில்லை என்றால் அங்கே நிற்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து டோல்கேட்டுக்கோ வெளிச்சமான பெட்ரோல் பங்குக்கோ போய் நிறுத்திப் பாருங்கள். ஆணி ஏறியிருந்தாலும் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி உள்ளே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். 12 வோல்ட் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தால் நிரப்பிக்கொண்டு அடுத்த ஊர் வரை போய்விடலாம். நெடுஞ்சாலை ஆணைய உதவி எண் 1033, ரோந்து வண்டி வரும்.

கடையில் நடப்பது இதுதான். டயரைக் கழற்றி உங்கள் பார்வைக்கு மறுபக்கம் உருட்டிக்கொண்டு போவார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் கைக்குள் ஒரு குத்தூசி இருக்கும். ஒரு பஞ்சருக்கு வந்தவருக்கு ஐந்து பஞ்சர் காட்டுவார்கள். ஓர் ஒட்டுக்கு 100, 150 என்று போனாலே 500-லிருந்து 750 ரூபாய் வரை வந்துவிடும். இன்னும் துணிந்தவர்கள் டயரின் பக்கச்சுவரில் குத்துவார்கள். பக்கச்சுவரில் ஒட்டுப் போட முடியாது, அந்த டயர் போனதுதான். உடனே உள்ளேயிருந்து ஒரு பழைய டயர் வரும், புது டயர் விலைக்கு. காற்று மட்டும் பார்க்கச் சொன்னாலும் வால்வு ஊசியை லேசாகத் தளர்த்திவிட்டு "லீக் ஆகுது" என்பார்கள்.

தடுப்பதற்கு வழி உண்டு. டயரைக் கழற்றும் முன், வண்டியில் இருக்கும்போதே சோப்புத் தண்ணீரை நீங்களே ஊற்றுங்கள். வண்டியைக் கொஞ்சம் நகர்த்திச் சுற்று முழுக்கப் பாருங்கள், வால்வையும் சேர்த்து. குமிழ் வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள். ஓர் ஒட்டுக்கு எவ்வளவு என்று அப்போதே பேசி முடியுங்கள். அதன் பிறகு புதிதாக ஓர் ஓட்டை காட்டினால் ஆணி எங்கே என்று கேளுங்கள். ரோட்டில் விழுந்த ஓட்டையில் ஆணியோ கம்பியோ இருக்கும், இல்லையென்றால் ஓரத்தில் அழுக்கு ஏறியிருக்கும். குத்தூசி ஓட்டை சுத்தமாக, உருண்டையாக இருக்கும். ஒட்டுப் போடும் கிட் கையில் இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஆணியைப் பிடுங்கி, அரத்தூசியால் ஓட்டையைத் தேய்த்து, பசை தடவிய ரப்பர் ஸ்ட்ரிப்பைக் காதுள்ள இன்னோர் ஊசியில் கோத்து, மடித்து உள்ளே அழுத்தி, அந்த ஊசியை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அரை அங்குலம் வெளியே விட்டு மிச்சத்தை வெட்டிவிடலாம்.

பெட்ரோல் பங்கில் பழைய வித்தை ஒன்று இன்னும் ஓடுகிறது. 1000-க்குக் கேட்டால் 200-இல் நிறுத்திவிடுவார்கள். கேட்டதும் "சாரி சார்" என்று மறுபடி போட ஆரம்பிக்கும்போது இன்னொருவர் கார்டு மெஷினோடு வந்து பேச்சுக் கொடுப்பார். மீட்டர் பூஜ்யத்துக்கு வராமல் 200-இலிருந்தே ஓடி 800-இல் நிற்கும். நீங்கள் 200-உம் 800-உம் கூட்டி 1000 கொடுப்பீர்கள், வண்டியில் இறங்கியது 800-க்குத்தான். இறங்கி நின்று பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், முடியும்வரை யாரோடும் பேசாதீர்கள். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லி வரை குறைந்தால் அனுமதிக்கப்பட்ட பிழை, அதற்கு மேல் குறைந்தால் புகார். கேன் இல்லை என்பார்கள், ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும்.