டி.ஏ.ஆர். நூலகத்துக்கு ஐந்து நட்சத்திரம், காசு வாங்கிய ஆய்வாளருக்கு ஒன்று

என் மாமியார் பென்சில்வேனியாக்காரர். அமெரிக்கப் புரட்சிப் போரில் தன் முன்னோர் ஒருவர் மிலிஷியாவில், அதாவது உள்ளூர்க் குடிமக்கள் படையில், கேப்டனாக இருந்தார் என்று கேட்டே வளர்ந்தவர். புரட்சிக்கு உழைத்தவர்களின் வழிவந்த பெண்களுக்கான 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்தில், அதாவது டி.ஏ.ஆர்.-இல், சேர வேண்டும் என்பது அவருடைய எழுபதாவது பிறந்தநாள் ஆசை. பிள்ளைகள் எல்லாரும் பங்கு போட்டு, வம்சாவளி தேடித் தருகிற ஒரு நிறுவனத்துக்கு 1,400 டாலர் கட்டினோம்.

நாலு மாதம் கழித்துத் தோல் மாதிரி தெரிகிற ஒரு ஃபைல் வந்தது. முகப்பில் தங்க நிறத்தில் குலச்சின்னம். லங்காஸ்டர் கவுண்டியில் உழுது பிழைத்த ஜெர்மன் குடியானவருக்கு ஏது குலச்சின்னம்! உள்ளே 1832-இல் கொடுத்த பென்ஷன் மனுவின் நகல். அதே பெயர், கேப்டன் பதவி, எல்லாம் இருந்தது. மாமியார் கண் கலங்கிவிட்டார்.

எனக்கு ஒரு வரி உறுத்தியது. மனுதாரர் நீதிமன்றத்தில் சொன்ன வயது 72. பிறந்தது 1760 வாக்கில் என்றாகிறது. எங்கள் ஆளின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் நடந்ததோ 1758-இல். மகன் பிறந்து இரண்டு வருஷம் கழித்து அப்பா பிறந்திருக்கிறார்! கேட்டு எழுதினேன். "அந்தக் காலத்தில் வயதைத் தோராயமாகத்தான் சொல்வார்கள்" என்று பதில் வந்தது. தோராயம் சரி, அதற்காக இருபது வருஷமா?

அப்புறம்தான் வாஷிங்டனில் உள்ள டி.ஏ.ஆர். நூலகத்துக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். டி தெரு, கதவு எண் 1776. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த வருஷம்! எண்ணைக் கேட்டு வாங்கினார்களோ என்னவோ. உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. ஒரு காலத்தில் பெரிய கூட்ட அரங்காக இருந்த இடம். 1921-இல் கடற்படை ஆயுதக் குறைப்பு மாநாடு கூடியது இங்கேதான். இப்போது சுற்றிலும் மாடமும் புத்தகமும்.

மேசையில் இருந்த அம்மாள் எங்கள் ஃபைலைத் திறக்கவே இல்லை. "உங்கள் ஆள் எப்போது இறந்தார்?" என்று மட்டும் கேட்டார். 1804 என்றேன். "அப்படியானால் இந்த மனு அவருடையது இல்லை" என்றார். பொறுமையாக விளக்கினார். 1818 பென்ஷன் சட்டம் கான்டினென்டல் படையில், அதாவது நிரந்தர ராணுவத்தில், இருந்த ஏழைகளுக்கு மட்டும். மிலிஷியாக்காரர்களுக்குக் கதவு திறந்தது 1832-இல்தான், அதுவும் ஆறு மாதமாவது சேவை செய்திருந்தால். 1836-க்குப் பிறகு விதவைகள் கேட்கலாம். எங்கள் ஆளின் மனைவியோ அவருக்கும் முன்பே போய்விட்டார். 1804-இல் செத்தவர் 1832-இல் வந்து சத்தியம் செய்ய முடியாது என்பதைக் கூடப் பார்க்காமலா 1,400 டாலர் வாங்கினார்கள்?

பெயர்க் குழப்பத்துக்கும் காரணம் சொன்னார். பென்சில்வேனியா ஜெர்மானியர் வீட்டில் அண்ணன் தம்பி எல்லாருக்குமே முன்னால் யோஹான் இருக்கும். கூப்பிடுவது இரண்டாவது பெயரை வைத்து. பக்கத்து பெர்க்ஸ் கவுண்டியில் எங்கள் ஆளின் பெயரிலேயே இன்னொருவர் இருந்திருக்கிறார். மனு அவருடையது.

பிறகு மிலிஷியா பட்டியல்கள். 1777 சட்டப்படி 18 முதல் 53 வயது வரையுள்ள ஆண்களை கம்பெனி கம்பெனியாகப் பிரித்து, ஒவ்வொரு கம்பெனியையும் எட்டு வகுப்பாக்கி, முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அதிகாரிகளை வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தோம். லங்காஸ்டர் பட்டியலில், குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறி, எங்கள் ஆள் அகப்பட்டார். ஆனால் கேப்டன் இல்லை, என்சைன். கம்பெனி அதிகாரிகளில் கடைசிப் படி. மாமியாரின் முகம் சுருங்கியது. என்சைன் என்றால் ஆதியில் கொடி பிடிக்கிறவர் என்று அந்த அம்மாள் சொன்னதும் மலர்ந்தது.

குறை என்று சொன்னால், ஆளைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை ஆதாரம் கேட்கிறார்கள். 1850-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. நடுவில் ஒரு மகள் இன்னும் எங்களுக்கு மாட்டவில்லை. உயிலில் தேடிக்கொண்டிருக்கிறோம். போகுமுன் டி.ஏ.ஆர். தளத்தில் உள்ள முன்னோர் தேடலை வீட்டிலிருந்தே பார்த்துவிடுங்கள், இலவசம்தான். ஆனால் பழைய விண்ணப்பங்களை அப்படியே நம்ப வேண்டாம். சில முன்னோர் பெயருக்குப் பக்கத்தில், இனிச் சேருகிறவர்கள் சேவையைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள்.

அந்த நிறுவனம் இன்னும் பணத்தைத் திருப்பவில்லை. மாமியார் உள்ளே இருந்த தாள்களை எடுத்துவிட்டு, குலச்சின்ன ஃபைலில் கரண்ட் பில் போட்டு வைத்திருக்கிறார்.