ஏலக்காய்க் கணக்கும் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவும்: நெடுநாள் அனுபவம்

கம்பத்தில் எங்கள் ஏலக்காய்க் கடைக் கணக்கு இன்னும் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கும் நண்பர் மட்டும் "எனக்கும் அதைப் போட்டுத் தர முடியுமாண்ணே?" என்றார். அவருக்கான பதில் இது. டி.பி.எஃப். (விவரங்கள் சேரும் ஃபைல்), இண்டெக்ஸ் (அதில் தேட உதவும் அட்டவணை) எல்லாம் அவருக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டுகிறோம். பிரிண்டர் கதை வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதியவர் வரிக் கணக்கைத் தனி ப்ரொசீஜர் ஃபைலில் வைத்திருந்தார். ப்ரொசீஜர் என்றால் பல இடத்திலிருந்தும் கூப்பிடக்கூடிய சிறு புரோகிராம். மெயின் புரோகிராமின் தலையில் 'செட் ப்ரொசீஜர் டூ' என்று ஒரு வரி. பில், எஸ்டிமேட், சரக்குத் திரும்பல் எல்லாமே வரிக்கு அங்கேதான் போகும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊரே அலறியது. நாங்கள் தொட்டது அந்த ஒரு ப்ரொசீஜரை. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 5 சதவீதத்தை மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரி. 32 என்றால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. என்ற மாநிலங்களுக்கு இடையிலான வரி. எல்லையில் வியாபாரம் செய்பவனுக்கு இது எவ்வளவு நிம்மதி!

ஆனால் 2.6-இல் ஒரு நேரத்தில் ஒரு ப்ரொசீஜர் ஃபைல்தான் திறந்திருக்கும். இரண்டாவதைத் திறந்தால் முதலாவது மூடிக்கொள்ளும். முதலாவதை மூடாமல் அடுத்ததையும் திறக்கும் 'அடிட்டிவ்' வசதி பிறகு விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில்தான் வந்தது. அதனால் அந்த மனுஷர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டார். அஞ்சறைப்பெட்டியில் தடுப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டின மாதிரி.

கோபம் அதில்கூட இல்லை. அதற்குள் பார்ட்டி (வாடிக்கையாளர்) பெயர் எடுக்கும் ப்ரொசீஜர் ஒன்று இருக்கிறது. பார்ட்டி ஃபைலைத் திறக்கும், பார்ட்டியின் குறியீட்டைத் தேடும், பெயரைக் கொடுக்கும், திரும்பிவிடும். ஃபாக்ஸ்ப்ரோவில் திறந்த ஒவ்வொரு ஃபைலும் ஒரு 'ஒர்க் ஏரியா'வில் இருக்கும். திரும்பும்போது பழைய ஒர்க் ஏரியாவைச் செலக்ட் செய்யாது! கூப்பிட்ட புரோகிராம் தன் பில் ஃபைலில்தான் நிற்பதாக நினைத்து, அடுத்த வரியில் 'ரீப்ளேஸ் அமவுண்ட்', அதாவது தொகையை மாற்றி எழுது, என்று போடும். பார்ட்டி ஃபைலிலும் 'அமவுண்ட்' என்றே ஒரு ஃபீல்ட், தொடக்க இருப்புக்காக. சரக்குத் திரும்பல் தொகை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எரரே வராது. குறியீடு தவறாக இருந்தால் இன்னும் மோசம்: தேடல் ஃபைலின் கடைசியைத் தாண்டி நிற்கும், ரீப்ளேஸ் எங்கேயும் எழுதாது, அதையும் சொல்லாது.

மற்ற ஸ்கிரீன்களில் மறுபடி செலக்ட் செய்திருந்ததால் தப்பித்தன. சரக்குத் திரும்பல் ஸ்கிரீனில் மட்டும் விட்டுப்போயிருந்தது. வருடக் கணக்கு முடிக்கும்போது வண்டன்மேட்டுப் பார்ட்டி ஒருவருக்குப் பாக்கி எகிறி நின்றது. அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் இந்த வம்பு கிடையாது. ஃபைல் பெயர் சொல்லித்தான் படிக்க வேண்டும், ரெக்கார்டு பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். இங்கே 'இப்போது எந்த ஏரியாவில் நிற்கிறோமோ அது' என்பதே சட்டம். வேகமாக அடிக்கச் சுகம், பொது ப்ரொசீஜருக்கு விஷம்.

திருத்தம் சின்னதுதான். நுழையும்போது பழைய ஏரியா எண்ணைக் குறித்துவை, பார்ட்டி ஃபைல் ஏற்கெனவே திறந்திருந்தால் அதன் ரெக்கார்டு எண்ணையும் குறித்துவை, வெளியேறுமுன் இரண்டையும் திருப்பிக் கொடு. வேரியபிள்களுக்கு (தற்காலிக மதிப்பு வைக்கும் பெயர்களுக்கு) 'பிரைவேட்' போடு, இல்லாவிட்டால் கூப்பிட்டவனுடையதையே அழித்துவிடும்.

இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பில் கண் மூடித் திறப்பதற்குள் வருகிறது, டி.பி.எஃப்-ஐ லிப்ரே ஆபிஸ் கால்க்கிலேயே திறந்து பார்க்கலாம். நான் மாற்றப்போவதில்லை. உங்களுக்கு வேண்டாம் தம்பி, புதிதாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் போட்டே தீருவேன் என்றால், என்னிடமுள்ள திருத்திய காப்பியை வாங்குங்கள். எழுதியவர் அங்கங்கே கொடுத்துவைத்த பழைய ஃப்ளாப்பிகளைத் தொடாதீர்கள்.